இரண்டாவது கயிறு எதற்கு?



திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலை ஏறினால் போனக்காடு வரும். சுற்றிலும் தேயிலைச் செடிகள். அண்ணாந்து பார்த்தால் அகத்தியர்கூடம். அதன் உயரம் சுமார் 1,868 மீட்டர். அந்த மலைக்கு நடந்து போகிறவர்கள் புறப்படும் இடமும் போனக்காடுதான். தேயிலை பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். ஊரில் மலை உண்டு, மரம் உண்டு. ஓய்ந்து நிற்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலையை விட்டால் பெரிய கட்டடம் கண்ணில் படாது.

பஸ் ஏறிக் கீழே இறங்கி, கழக்கூட்டம் வரை வா. 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. கண்ணாடியால் மூடிய உயரமான கட்டடங்கள் வரிசையாக நிற்கும். கடல் பக்கத்திலேயே இருப்பதால் காற்றில் உப்பு கலந்து வரும். சாலைத் தூசியும் சேரும். இரண்டும் கண்ணாடியில் படியும். அதைக் கழுவ ஆட்கள் மொட்டை மாடியிலிருந்து கயிற்றில் இறங்குவார்கள். இடுப்பில் ஒரு வாளி. கையில் ரப்பர் வைப்பர். ஒரு ஜன்னலைத் துடைத்ததும் கொஞ்சம் கீழே. அடுத்ததைத் துடைத்ததும் இன்னும் கொஞ்சம் கீழே.

இதைப் பார்த்தால் பெரியவர்கள் என்ன கேட்பார்கள்? "ஐயோ, இவங்களுக்குப் பயமே இருக்காதா?" என்பார்கள். கூர்மையான கண்ணுள்ள பிள்ளை வேறொன்றைக் கவனிக்கும். "ஒரு ஆளுக்கு ஏன் இரண்டு கயிறு தொங்குது?"

சபாஷ்! அதுதான் சரியான கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டே நாமும் இறங்குவோம், வா.

முதல் கயிறு வேலைக்கு. ஆளைச் சுமப்பதும் அதுதான், மெல்ல இறங்க விடுவதும் அதுதான். எடை முழுவதும் அதில்தான். அப்படியானால் அவர் ஏன் சர்ரென்று வழுக்கிக் கீழே வந்துவிடவில்லை? இதற்கு ஒரு சோதனை செய்து பார்ப்போம். வீட்டில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, கழுத்தில் நல்ல சணல் கயிறு கட்டு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கும்படி கயிற்றை மாடிப்படியின் இரும்புக் கைப்பிடி மேல் போடு. மறுமுனையைப் பிடி. கை கனக்கும். இப்போது கயிற்றைக் கம்பியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பிடி. கனம் குறைந்துவிட்டதா? இன்னொரு சுற்று. இப்போது இரண்டு விரலே போதும். மூன்றாவது சுற்றில் கயிற்றைச் சும்மா தொட்டுக்கொண்டு நின்றாலே பாட்டில் அசையாமல் நிற்கும்.

பாட்டிலின் எடை குறையவில்லை. அதே ஒரு கிலோதான். கயிறும் கம்பியும் ஒன்றை ஒன்று உரசிக்கொள்வதால் அந்தச் சுமையின் பெரும்பகுதியைக் கம்பியே வாங்கிக்கொள்கிறது. இதைத்தான் உராய்வு என்கிறோம். கயிறும் கம்பியும் எவ்வளவு சொரசொரப்பு என்பதைப் பொறுத்து அளவு மாறும். சாதாரணமாக, ஒரு முழுச் சுற்றுக்குச் சுமை ஐந்தில் ஒரு பங்காகிவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு சுற்றுக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு. மூன்று சுற்றுக்கு 125-இல் ஒரு பங்கு. 100 கிலோ எடையை மூன்று சுற்றுப் போட்டுப் பிடித்தால் உன் கைக்கு ஒரு கிலோகூட வராது!

புரிந்ததா? புரியவில்லை என்றால் மறுபடி பாட்டிலைத் தொங்கவிட்டுப் பார். கை சொல்லிக் கொடுப்பதை வாய் சொல்லிக் கொடுக்க முடியாது.

கண்ணாடி துடைப்பவரின் வயிற்றுக்கு முன்னால் ஒரு கருவி இருக்கும். டிசென்டர் என்பார்கள். அதற்குள் கயிறு வளைந்து நெளிந்து போகிறது. கைப்பிடியை லேசாக அழுத்தினால் பிடி தளரும், கயிறு ஓடும், ஆள் இறங்குவார். கையை எடுத்துவிட்டால்? கருவி கயிற்றைக் கவ்விக்கொள்ளும், ஆள் நின்றுவிடுவார். இதை யோசித்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஏனென்றால் மனிதர் மயங்கி விழுந்தாலும், குளவி கொட்டிக் கையை உதறினாலும், கருவி தானாக நிற்கிறது. பயத்தில் கைப்பிடியை ஒரேயடியாக இழுத்துவிட்டால்கூட நின்றுவிடும் கருவிகளும் உண்டு.

உராய்வு சும்மா வேலை செய்யாது. வெப்பத்தை உண்டாக்கும். பட்டம் விடும்போது நூல் விரலிடுக்கில் வேகமாக ஓடினால் சுரீர் என்று சுடும் அல்லவா? அதே வெப்பம்தான் இங்கேயும். எவ்வளவு என்று கணக்குப் போடுவோமா? ஆளும் கருவிகளும் சேர்ந்து 80 கிலோ. உயரம் 60 மீட்டர். புவியீர்ப்புக்கு 10 என்று வைத்துக்கொள். மூன்றையும் பெருக்கினால் 48,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4,200 ஜூல் வேண்டும். அப்படியென்றால் அந்த ஒரு இறக்கத்தில் பிறக்கும் வெப்பம் ஒரு லிட்டர் தண்ணீரை 11 டிகிரி சூடாக்கிவிடும். ஜன்னல் ஜன்னலாக நின்று நின்று இறங்கினால் அந்தச் சூடு காற்றில் கரைந்துபோகும். சினிமாவில் வருகிற மாதிரி ஒரே மூச்சில் சறுக்கினால் அத்தனை சூடும் அந்தச் சின்ன உலோகக் கருவியில் ஏறும். கயிறோ நைலான். 220 டிகிரி வாக்கில் உருகும் நைலான் வகை உண்டு, அதற்கு முன்பே வலுவும் குறையும். அதனால்தான் கயிற்று வேலையில் பழகியவர்கள் அவசரப்படுவதே இல்லை. மெதுவாக இறங்குகிறவரைப் பார்த்து "பயந்தாங்கொள்ளி" என்று நினைத்துவிடாதே. அவர்தான் வேலை தெரிந்தவர்.

இப்போது கயிற்றைப் பார்ப்போம். தடிமன் பெரும்பாலும் 11 மில்லிமீட்டருக்குள்தான். உன் அளவுகோலில் பார், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் முறுக்கிக் கிடக்கும். அவைதான் சுமையைத் தாங்குகின்றன. வெளியே பின்னிய உறை. அது உள்ளிழைகளைத் தேய்மானத்திலிருந்து காக்கிறது. இந்த வேலைக்கென்று விற்கும் முதல்தரக் கயிறு குறைந்தது 2,200 கிலோ சுமையைத் தாங்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரவிதி சொல்கிறது. நம் ஆளோ வாளித் தண்ணீரோடு சேர்த்து மிஞ்சிப்போனால் 100 கிலோ வருவார்.

"இருபத்திரண்டு மடங்கு தாங்குமே! பிறகு ஏன் இரண்டாவது கயிறு?" என்று நீ கேட்டால் உனக்கு இன்னொரு சபாஷ்.

நல்ல கயிறு எடை தாங்காமல் அறுந்துபோவது அபூர்வம். அது வெட்டுப்பட்டுத்தான் போகும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் விளிம்பை நினைத்துப் பார். சிமென்ட் விளிம்பு கூராக இருக்கும். அலுமினியச் சட்டம் அதைவிடக் கூர். கீழே தொங்குகிறவர் ஒரு ஜன்னலிலிருந்து பக்கத்து ஜன்னலுக்குக் காலால் உந்திப் போகும்போதெல்லாம் மேலே கயிறு அந்த விளிம்பில் இப்படியும் அப்படியும் தேய்கிறது. இழுத்து விறைத்திருக்கும் கயிறு இது. விறைத்த நூலில் கத்தி பட்டால் எவ்வளவு எளிதாக அறும் என்று உனக்கே தெரியும். கண்ணாடி கழுவும் அமிலம் பட்டாலும் நைலான் கெடும். பல மாதம் வெயிலில் கிடந்தாலும் கெடும். சில நேரம் கயிற்றுக்கு ஒன்றுமே ஆகாது; அதைக் கட்டிய தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டு வரும். விளிம்பில் தடித்த உறை போடுவதும், கட்டடத்தின் தூணிலோ உத்தரத்திலோ கட்டுவதும் இதனால்தான்.

இத்தனை செய்தும் ஒன்று தப்பிவிட்டால்? அங்கேதான் இரண்டாவது கயிறு வருகிறது. அது வேறொரு இடத்தில் தனியாகக் கட்டியிருக்கும். அதில் எடையே இருக்காது. சும்மா தொங்கும். அதன்மேல் ஒரு சிறிய பிடிகருவி ஆளோடு கூடவே இறங்கி வரும். முதல் கயிறு போன அடுத்த நொடி அந்தக் கருவி இரண்டாவது கயிற்றைக் கவ்விக்கொள்ளும்.

வேலை முழுவதும் அந்தக் கயிறு ஒன்றும் செய்யாமல் தொங்குகிறது. வருடக்கணக்கில் அது தேவைப்படாமலே போகலாம். "வீண் செலவு" என்று சிலர் நினைப்பதும் இதனால்தான். ஒரு நாள், ஒரு நொடி தேவைப்படும்போது, அது இல்லையென்றால் பதிலுக்கு வேறு எதையும் கொடுக்க முடியாது.

ஆனால் விழுகிறவரைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்துதான். ஏன் தெரியுமா? இன்னொரு கணக்கு. ஒருவர் 2 மீட்டர் விழுகிறார். அப்போது வேகம் மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர். அவரை 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால் உடம்பில் விழும் இழுப்பு அவர் எடையைப் போல 21 மடங்கு. எலும்பு தாங்காது. அதே ஆளை ஒரு மீட்டர் தூரத்தில் மெதுவாக நிறுத்தினால்? வெறும் 3 மடங்கு. நிறுத்தும் தூரம் கூடினால் இழுப்பு குறைகிறது. இதற்காகவே அந்தக் கருவியோடு மடித்துத் தைத்த ஒரு பட்டை இருக்கும். இழுப்பு பலமாக வந்தால் தையல் வரிசையாகப் பிரியும், பட்டை நீளும், வேகம் அதில் கரையும். பிரிவதற்கென்றே போட்ட தையல் அது. ஒருமுறை பிரிந்துவிட்டால் அந்தப் பட்டையைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

இன்னொரு விஷயமும் கவனி. பிடிகருவியைத் தோளுக்கு மேலேயே வைத்திருக்கச் சொல்வார்கள். ஏன்? யோசித்துப் பார். கருவி காலடியில் கிடந்தால் அது கவ்வுவதற்கு முன் நீ எவ்வளவு தூரம் விழுந்திருப்பாய்? மேலே இருந்தால் எவ்வளவு? கண்டுபிடித்துவிட்டாய் அல்லவா!

சரி, கீழே விழாமல் தொங்குகிறார். இனி ஆபத்து இல்லையா? உண்டு. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து காலில் உள்ள ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. உடம்பில் மாட்டிய பட்டையில் அசையாமல் தொங்கினால் அந்த வேலை நின்றுபோகும். ரத்தம் காலில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும், மயக்கம் வரும். சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகலாம். அதனால் கயிற்று வேலைக்கு ஒருவர் தனியாகப் போகக் கூடாது. இறங்கி வந்து மீட்கத் தெரிந்த இன்னொருவர் அங்கேயே இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. ஆளே இன்னொரு ஆளுக்கு இரண்டாவது கயிறு என்று வைத்துக்கொள்ளலாம்.

தொங்கிக்கொண்டு துடைப்பதே ஒரு வித்தை. தரையில் நின்று ஜன்னலை அழுத்தினால் நீ நகர மாட்டாய். உன் கால் தரையைப் பிடித்துக்கொள்ளும். கயிற்றில் தொங்குகிறவருக்குத் தரை ஏது? அவர் கண்ணாடியைத் தள்ளினால் கண்ணாடி அவரைத் தள்ளும். பின்னால் போய்விடுவார்! நியூட்டனின் மூன்றாம் விதியை அவர் நாள் முழுவதும் உடம்பால் படிக்கிறார். இதற்கு இடது கையில் ஒரு ரப்பர் கிண்ணம் வைத்திருப்பார். கண்ணாடியில் வைத்து அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டால், வெளிக்காற்று அதைக் கண்ணாடியோடு சேர்த்து அமுக்கிக்கொள்ளும். காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு 78 சதுர சென்டிமீட்டர். உள்ளே காற்றே இல்லாவிட்டால் அதைப் பிடுங்க 78 கிலோ பலம் வேண்டும். உள்ளே கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறைவு. இருந்தாலும் ஒரு மனிதர் தன்னைச் சுவரோடு பிடித்துவைத்துக்கொள்ள அது தாராளம். ஆனால் உயிரை அதன்மேல் வைக்க மாட்டார்கள். தூசியில் அது பட்டென்று விட்டுவிடும்.

காற்றும் பெரிய எதிரி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். காலையில் லேசாக ஆடிக்கொண்டிருந்த ஆளை மதியக் காற்று சுவரில் மோதவைத்துவிடலாம். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்றும் மழையும் சேர்ந்து வரும். அப்போது வேலையை நிறுத்திவிட வேண்டியதுதான்.

இப்படிக் கயிற்றில் தொங்கும் வேலை புதிது என்று நினைக்கிறாயா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இது மிகப் பழையது. அகத்தியமலைக் காட்டில் வாழும் காணி மக்கள் தேன் எடுப்பதில் தேர்ந்தவர்கள். இன்னும் வடக்கே நீலகிரியில் குறும்பர் மக்கள் செங்குத்தான பாறையில் இறங்கி மலைத்தேன் எடுக்கிறார்கள். காட்டுக் கொடிகளை முறுக்கி ஏணி செய்வார்கள். பாறை உச்சியில் இருக்கும் மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். புகை போட்டுத் தேனீயை விலக்குவார்கள். இவர்கள் வழக்கத்தில் எனக்கு மிகப் பிடித்தது ஒன்று உண்டு. மேலே ஏணி கட்டிய முடிச்சைக் காத்து நிற்பவர் பெரும்பாலும் இறங்குகிறவரின் மச்சான், அதாவது மனைவியின் சகோதரர். தன் கூடப்பிறந்தவளின் வாழ்க்கை அந்தக் கொடியில் தொங்குகிறது என்பதால் அவர் கண்ணை எடுக்க மாட்டாராம். படித்தவர்கள் பயிற்சிக் கூடத்தில் சொல்லிக் கொடுக்கும் பாதுகாப்புப் பாடத்தை அந்த மக்கள் உறவுமுறையாகவே வைத்திருக்கிறார்கள்.

நகரத்துக்கு இந்தக் கலை வேறு வழியில் வந்தது. குகைகளுக்குள் இறங்கும் ஐரோப்பிய சாகசக்காரர்கள் நல்ல கயிறுகளையும் கருவிகளையும் உருவாக்கினார்கள். 1980-களில் வடகடலின் எண்ணெய்க் கிணற்று மேடைகளைப் பழுதுபார்க்க அவர்களைக் கூப்பிட்டார்கள். இரண்டு கயிறு என்ற விதி அந்த நாட்களில்தான் தொழிலின் சட்டமாக உறுதிப்பட்டது. இன்று துபாயில் 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபாவின் கூர்முனையை எந்திரம் எட்டாத இடத்தில் மனிதர்களே தொங்கித் துடைக்கிறார்கள். முழுக் கட்டடத்தையும் ஒருமுறை துடைத்து முடிக்கச் சுமார் மூன்று மாதம் ஆகுமாம்!

எல்லா உயரத்துக்கும் கயிறுதான் என்று இல்லை. கன்னியாகுமரியில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை இருக்கிறதே, அதைச் சுத்தம் செய்யச் சுற்றிலும் சாரம் கட்டுகிறார்கள். கல்லுக்குள் ஊறிய கடல் உப்பை எப்படி எடுப்பது? ஈரமான காகிதக் கூழைச் சிலை முழுக்கப் பூசுவார்கள். கூழ் காயக் காய, கல்லின் நுண்துளைகளில் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். உப்பு கூழில் தங்கிவிடும். பிறகு கழுவிவிட்டு, தண்ணீர் உள்ளே இறங்காதபடி ஒரு ரசாயனப் பூச்சு. நிதானமாகப் பலர் நின்று செய்யும் வேலைக்குச் சாரமே சரி.

இப்போது ஒரு வருத்தமான விஷயம். நம் ஊர்களில் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்க வருகிறவர்களைப் பார்த்திருப்பாய். ஒரு மரப்பலகை. அதற்கு ஒரே கயிறு. அது மாடியில் எதிலோ கட்டியிருக்கும். உடம்பில் பட்டை இருக்காது. இருந்தாலும் அது எதோடும் இணைந்திருக்காது. அவர்கள் துணிச்சலானவர்கள் என்று நாம் வியக்கிறோம். வியந்தால் போதாது கண்ணு. அவர்களுக்குச் சேர வேண்டியது ஒன்றை யாரோ கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். இரண்டாவது கயிறு, உடல் முழுவதும் தாங்கும் பட்டை, தலைக்கவசம், மேலே ஒரு ஆள். ஒரு கட்டடத்துக்கு ஆகும் செலவில் இது மிகச் சிறியது. அதைக் கொடுக்க வேண்டியது வேலைக்கு அழைத்தவரின் கடமை.

நீ கயிற்றில் தொங்கிப் பார்க்க ஆசைப்படாதே. அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. அவர்களின் கயிற்றைத் தொடாதே. அவர்கள் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே நிற்காதே. ஒரு சிறிய வைப்பர் கைதவறினால்கூட 60 மீட்டரிலிருந்து மூன்றரை நொடியில் தரைக்கு வந்துவிடும்.

ஆனால் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டுக்கோ பள்ளிக்கோ சுவரில் தொங்கி வேலை செய்ய ஆள் வந்தால், வேலை தொடங்கும் முன்பே அப்பாவிடமோ தலைமையாசிரியரிடமோ போய்க் கேள்: "இவங்களுக்கு ரெண்டாவது கயிறு எங்கே?" பதில் வரும்வரை விடாமல் கேள்.